கேட்காமல் பேசியவை: இரண்டு பிரதிகள்

ஜனவரி 6

அன்புள்ள பாப்பா,

நானும் உன் அண்ணியும் அவரவர் மாத்திரைகளின் தயவில் நன்றாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் மாத்திரை இல்லாமலே நன்றாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

இந்தக் குடும்பத்தின் வரலாற்றில் குறித்துவைக்க வேண்டிய ஒரு முடிவு நேற்று மாலை நாலேகால் மணிக்கு எடுக்கப்பட்டது. நீ வாங்கித் தந்த பேசும் கருவியைப் புத்தக அலமாரியிலிருந்து ஃப்ரிட்ஜின் தலைக்கு மாற்றுவது என்பதே அது. உன் அண்ணி எதிர்த்தாள். "இடம் மாத்தினா வாய் மூடிடும்னா உங்களை எப்பவோ மாத்தியிருப்பேனே" என்றாள். ஒன்றுக்கு ஒன்று என்று வாக்குகள் சமமாக இருந்ததால், தலைவருக்குரிய கூடுதல் வாக்கை நான் போட்டு நிறைவேற்றினேன்.

விஷயம் இதுதான். கருவி கேட்காமல் பேசுகிறது. மணி கேட்டால் மணி சொல்வதும், மழை வருமா என்று கேட்டால் வராத மழையைச் சொல்வதும் அதன் வேலை. அதில் குறையில்லை. ஆனால் கடந்த பத்து நாளில் ஆறு முறை, யாரும் கூப்பிடாமல், டிங் என்று ஓர் ஓசை எழுப்பி, "நினைவூட்டல்" என்று தொடங்கி, என்னவோ சொல்லிவிட்டு அடங்கிவிடுகிறது. நான் மாடியிலிருந்து இறங்குவதற்குள் முடிந்துவிடுகிறது. உன் அண்ணி பக்கத்திலேயே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாலும் குழாய்ச் சத்தத்தில் கேட்கவில்லை என்கிறாள். நாங்கள் அதனிடம் எதையும் நினைவூட்டச் சொன்னதில்லை. நாங்கள் மறந்துபோனவற்றில் முக்கியமானது எதுவும் இருந்ததாக நினைவில்லை.

போன வருஷம் மாப்பிள்ளை வெளியூர் போயிருந்த அன்று நீ காலை பஸ்ஸில் வந்து, இதைப் பொருத்திவிட்டு, மதியம் பஸ்ஸில் திரும்பினாய் அல்லவா. அப்போது கருவி என் பெயரைக் கேட்டது. ஓர் இயந்திரத்திடம் பெயர் கொடுப்பதில்லை என்பது என் கொள்கை. ஆகவே உன் பெயரிலேயே கணக்கு திறந்தாய். அதில் பிழை இருக்க வாய்ப்பில்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் மாப்பிள்ளை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். மூவரும் பேசுவதாகப் பெயர். நானும் அவரும் பேசுகிறோம், நீ மூச்சு விடுவது கேட்கிறது. தவிர, யார்மீது புகாரோ அவர் காதுபடப் புகார் சொல்வது முறையல்ல. கருவிக்குக் காது அதிகம். ஆகவே கடிதம்.

என்ன செய்யலாம் என்று எழுது. உடம்பைப் பார்த்துக்கொள். கண்ணைப் பார்ப்பது உன் உத்தியோகம் என்பதால் அதைத் தனியாகச் சொல்லவில்லை.

அண்ணன்

*

கண் கிளினிக்கிலிருந்து,
ஜனவரி 17

அண்ணா,

இங்கே குறை ஒன்றும் இல்லை. அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் கருவிக்கு முன்னால் முழங்காலைப் பற்றி எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தை அவர் பிரித்து எனக்குப் படித்துக் காட்டினார். ஃப்ரிட்ஜ் விஷயத்தில் நன்றாகச் சிரித்தார். ஸ்பீக்கர் பற்றி எழுதிய இடத்தில் மட்டும் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு மறுபடி படித்தார்.

தினமும் நாற்பது பேரை நாற்காலியில் உட்கார வைத்து, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று கேட்கிறேன். வீட்டில் யாரும் என்னை அப்படிக் கேட்பதில்லை. என் போனைக்கூட அவர் சாயங்காலம் வாங்கிப் பார்த்து, வேண்டாததை அவரே அழித்துக் கொடுத்துவிடுகிறார். எனக்கு அந்த வேலை மிச்சம்.

கருவிக்கு வருகிறேன். முதலில் டிவியை நிறுத்திப் பாருங்கள். டிவியில் யாராவது கூப்பிட்டால்கூட இவை விழித்துக்கொள்ளும். அடுத்து, பக்கத்தில் இருக்கும் போன்கள் அதைத் தூண்டிவிடலாம். அவற்றைக் கொஞ்ச நாள் அணைத்து வையுங்கள். எதற்கும் அசையாவிட்டால் கரண்டைப் பிடுங்கி, பத்து எண்ணி, மறுபடி செருகுங்கள். நாற்பது வயதுக்கு மேல் எல்லாருக்கும் ஒருமுறை அப்படிச் செய்தால் நல்லது.

அதோடு, அது சரியாக என்ன சொல்கிறது என்று எழுதாமல் நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? அண்ணியைக் குழாயை மூடச் சொல்லுங்கள். வார்த்தை, மணி, தேதி எல்லாம் எழுதுங்கள். சொல்ல வேண்டுமா உங்களுக்கு, முப்பத்தோரு வருஷம் கடைகடையாகப் போய்த் தராசைச் சோதித்தவர் நீங்கள்.

ஒரு விஷயம். எங்கள் தெருவில் தபால் ஒழுங்காக வருவதில்லை, தொலைந்துபோகிறது. இனிமேல் கிளினிக் முகவரிக்கே எழுதுங்கள்.

வெளியே ஆள் காத்திருக்கிறார், கண்ணில் மருந்து விட்டு இருபது நிமிஷம் ஆகிவிட்டது. அண்ணியிடம் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பாப்பா

*

பிப்ரவரி 2

அன்புள்ள பாப்பா,

உன் ஆணைப்படி முதலில் முழங்கால்: வலது பரவாயில்லை, இடது அப்படியே. மற்றபடி இருவரும் நடமாடுகிறோம்.

சோதனை அறிக்கை பின்வருமாறு. டிவி ஜனவரி 21 முதல் நிறுத்தப்பட்டது. உன் அண்ணி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அதனால் வீடு அமைதியாகி, சோதனைக்கு உகந்த சூழல் கிடைத்தது. கரண்டைப் பிடுங்கிப் பத்து எண்ணினேன். பயனில்லை. இருபது எண்ணினேன். அதுவும் பயனில்லை. இன்று முதல் இரண்டு செல்போன்களும் அணைக்கப்பட்டு, இரும்பு பீரோவில் பூட்டப்பட்டு, சாவி என் இடுப்பில் இருக்கிறது. பிப்ரவரி 15 வரை திறக்கப்படாது. இடையில் திறந்தால் சோதனை செல்லாது. அவசரம் என்றால் கடிதம் எழுது.

குழாயை மூடி, நாற்காலி போட்டு உட்கார்ந்து பதிவு செய்தவை:

1. ஜனவரி 22, காலை 11.10. "நினைவூட்டல்: சான்றிதழ்கள், மூன்று நகல்."

2. ஜனவரி 23, பகல் 1.05. "நினைவூட்டல்: பச்சைப் பையில் ஒரு செட் துணி. ஒரே நாளில் எல்லாம் எடுக்க வேண்டாம்."

3. ஜனவரி 24, காலை 10.30. "நினைவூட்டல்: அவர் புதன் வரை இல்லை. சாவி நகல் எடுக்க இதுதான் சமயம்."

4. ஜனவரி 27, மாலை 3.15. "நினைவூட்டல்: புதிய வேலை இடத்துக்குப் போன். அறையில் ஜன்னல் உண்டா என்று கேட்க."

5. ஜனவரி 29, காலை 9.40. "நினைவூட்டல்: கண்ணாடி எப்படி உடைந்தது என்று கேட்டால், கதவில் இடித்தது."

6. ஜனவரி 31, பகல் 12.00. "நினைவூட்டல்: இருபத்திரண்டாம் தேதி, காலை ஆறு நாற்பது பஸ். போய்ச் சேரும் வரை யாருக்கும் சொல்ல வேண்டாம்."

என் குறிப்புகள்: இந்த வீட்டில் பச்சைப் பை கிடையாது. என் சான்றிதழ்கள் ஓய்வூதிய அலுவலகத்தில் சிறையிருக்கின்றன. உன் அண்ணியின் கண்ணாடி முழுசாக இருக்கிறது. எனக்குப் புது வேலை கொடுக்க யாரும் முன்வரவில்லை. ஆக ஆறும் தவறு. எடைக்கல் தேய்ந்திருந்தால் திருத்திவிடலாம். இது வேறு யாருடைய கடை எடைக்கல்லோ என்று தோன்றுகிறது.

உன் அண்ணி பதிவேட்டை வாங்கிப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"இது மிஷின் கோளாறு இல்லங்க. எங்கயோ ஒருத்தி வீட்டை விட்டுக் கிளம்பப் போறா."

"யாரு?"

"அது எனக்கெப்படித் தெரியும்? பாவம், இதை யாருக்கும் காட்டாதீங்க."

இதைப் பதிவேட்டின் கடைசிப் பத்தியில் 'அபிப்பிராயம்' என்ற தலைப்பில் சேர்த்திருக்கிறேன்.

நிற்க. உங்கள் தெருவில் தபால் தொலைகிறது என்று எழுதியிருந்தாய். ஆனால் என் ஜனவரி 6 கடிதம் வந்து சேர்ந்திருக்கிறது. முரண்பாடு இருக்குமிடத்தில் சோதனை வேண்டும். ஒரே சரக்கை இரண்டு வழியில் அனுப்பி ஒப்பிட்டுப் பார்ப்பது எங்கள் துறையின் வழக்கம். ஆகவே பதிவேட்டின் எழுத்துப் பிசகாத இரண்டாம் பிரதி, மாப்பிள்ளையின் பெயருக்கு, வீட்டு முகவரிக்கு, இன்றே பதிவுத் தபாலில் போகிறது. லிஃப்ட் பராமரிப்பில் இருப்பவருக்கு இந்தக் கோளாறு ஒரு பொருட்டாக இருக்காது. எது முதலில் கிடைக்கிறது என்று இருவரும் தெரிவிக்கவும்.

வெயிலில் அலையாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்

*

பிப்ரவரி 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தங்கள் நலனையும் தங்கள் பொறுப்பிலுள்ள லிஃப்ட்கள் அனைத்தின் நலனையும் விரும்புகிறேன். இங்கே ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

இத்துடன் ஆறு பதிவுகள் கொண்ட பதிவேட்டின் நகல் ஒன்று இணைத்துள்ளேன். எங்கள் வீட்டுப் பேசும் கருவி யாரும் கேட்காமல் சொன்னவை இவை. கருவியின் கணக்கு பாப்பாவின் பெயரில் இருக்கிறது என்பது தவிர எனக்கு வேறெதுவும் தெரியாது. தாங்கள் பார்த்துக் கோளாறு எங்கே என்று சொன்னால் கடமைப்பட்டவனாவேன்.

கிடைத்த தேதியும் நேரமும் தெரிவிக்கவும்.

தங்கள் மச்சான்

*

கிளினிக்,
பிப்ரவரி 6

அண்ணா,

நலம் விசாரிக்க நேரமில்லை.

பதிவேடு இப்போதுதான் கையில் கிடைத்தது. உங்கள் இரண்டு போனுக்கும் ஒன்பது முறை அடித்துவிட்டேன். அணைந்திருக்கிறது. நான்தான் அணைக்கச் சொன்னேன்.

அந்த ஆறும் நான் எழுதியவை. உங்கள் கருவிக்காக என் பெயரில் திறந்த கணக்கு ஒன்றுதான் அவர் திறந்து பார்க்காத இடம். கிளினிக் கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, மறந்துவிடக் கூடாது என்று ஒவ்வொன்றாகத் தட்டி வைத்தேன். நேரம் வந்தால் இந்தத் திரையில் மட்டும் வரும் என்று நினைத்தேன், உங்கள் முதல் கடிதத்தைக் கேட்டபோதும் சந்தேகம் வரவில்லை. அது அங்கே உங்கள் ஃப்ரிட்ஜின் மேலிருந்து சத்தமாகப் படித்திருக்கிறது.

இருபத்திரண்டாம் தேதி போகிறேன். வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. உங்களிடம் முன்பே சொன்னால் நீங்கள் அவரிடம் நியாயம் பேசப் போவீர்கள் என்றுதான் சொல்லவில்லை.

தெருவில் தபால் தொலைவதில்லை அண்ணா. அவர் பிரிப்பார்.

அவர் நாளை காலை திரும்புகிறார். பதிவுத் தபால் அவர் பெயருக்கு வந்தால் என்னிடம் கொடுக்க மாட்டார்கள். அனுப்பியவர் போய் எழுதிக் கொடுத்தால் நிறுத்தி வைப்பார்களாம், இங்கே தபால் ஆபீசில் விசாரித்தேன். இந்தக் கடிதம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும், தெரியும். அதனால் இப்போது அந்தக் கருவி வழியாகவே உங்களைக் கூப்பிடுகிறேன். கேட்டால் போனைத் திறங்கள்.

பாப்பா

*

பிப்ரவரி 6

அன்புள்ள பாப்பா,

உன் அண்ணி முழங்காலைக் காட்ட அவள் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள், அங்கே நல்ல டாக்டர் இருக்கிறாராம். நாளை வருவாள். நான் தனியாக, ஆனால் ஒழுங்காக, சாப்பிடுகிறேன்.

கருவியின் நிலை மோசமாகிவிட்டது. இன்று காலை 11.20க்கு, "நினைவூட்டல்: அண்ணா, போனைத் திறங்க" என்றது. 11.45க்கு, "நினைவூட்டல்: அண்ணா, நான் பாப்பா, போனைத் திறங்க" என்றது. இதுவரை பொய் சொன்ன கருவி இப்போது உறவு கொண்டாட ஆரம்பித்துவிட்டது.

சாவியோடு பீரோவரை போய்விட்டேன், மறைப்பானேன். பிறகு நிதானமாக யோசித்தேன். பாப்பா பாப்பா என்று இந்த வீட்டில் நாங்கள் நாளைக்குப் பத்துத் தடவை பேசுகிறோம். அது கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. சொந்தக்காரர் போலப் பேசிப் போனை எடுக்க வைத்து ஏமாற்றுகிறவர்களைப் பற்றிப் பத்திரிகையில் வாராவாரம் வருகிறது. ஓய்வுபெற்றவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள் என்றும் வருகிறது. இந்தப் பட்டியலில் சேர எனக்கு விருப்பமில்லை.

12.30க்கு மூன்றாம் முறை. "நினைவூட்டல்: அண்ணா, அந்தப் பதிவுத் தபா" என்று ஆரம்பித்தது. நான் கரண்டைப் பிடுங்கிவிட்டேன். நம் வீட்டுத் தபால் விவகாரம் வரை அதற்குத் தெரிந்திருப்பது கவலைக்குரியது.

நீ கவலைப்படாதே. நிலைமை கட்டுக்குள் இருக்கிறது.

அண்ணன்

பின்குறிப்பு, பிப்ரவரி 7, பகல்:

பாப்பா, இது அண்ணி. இப்பதான் வந்தேன். கடிதத்தை ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சேன். இடுப்புச் சாவியைப் பிடுங்கி பீரோவைத் திறந்து போனைப் போட்டேன். உன் ஒன்பது மிஸ்டு கால் இருக்கு. கிளினிக்குக்கு அடிச்சா இன்னைக்கு நீ வரலைன்னாங்க. உன் நம்பர் அணைஞ்சிருக்கு. உங்க அண்ணனைத் தபால் ஆபீசுக்கு விரட்டினேன். போய் வந்துட்டார். மதியம் பன்னிரண்டு இருபதுக்கே அந்தப் பதிவுத் தபாலை உங்க வீட்டுல கையெழுத்துப் போட்டு வாங்கிட்டாங்களாம். உங்க அண்ணன் இன்னும் செருப்பைக் கழட்டாம உக்காந்திருக்கார்.

*

பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தாங்களும் அக்காவும் நல்ல ஆரோக்கியத்துடன் இருக்க வேண்டும் என்பதே எங்கள் இருவரின் விருப்பம்.

தங்கள் பதிவுத் தபால் பிப்ரவரி 7, பகல் 12.20க்குக் கிடைத்தது. நேரம் கேட்டிருந்ததால் குறித்து வைத்தேன்.

இருபது வருடமாக லிஃப்ட்களின் பழுதுப் பதிவேடுகளைப் பார்த்து வருகிறேன். என்னிடம் வேலை செய்கிறவர்கள் யாரும் இவ்வளவு சுத்தமாக எழுதியதில்லை. தேதி, நேரம், வாசகம், எல்லாம் தெளிவு. கோளாறு எங்கே என்று முதல் வாசிப்பிலேயே பிடிபட்டுவிட்டது. தங்கள் பக்கம் எந்தத் தவறும் இல்லை. என் பக்கம்தான் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

சரிசெய்துவிட்டேன். கணக்கின் கடவுச்சொல்லை அவளே கொடுத்தாள். தங்கள் கருவியை அதிலிருந்து விடுவித்தாகிவிட்டது. இனி அது கேட்காமல் பேசாது.

அவள் சற்றுக் களைப்பாக இருக்கிறாள். பத்து நாள் விடுப்பு சொல்லியிருக்கிறேன். போன் பழுதுபார்க்கக் கொடுத்திருக்கிறது. ஏதாவது இருந்தால் என் எண்ணுக்கே பேசலாம்.

தாங்கள் செய்த உதவிக்கு என்றும் நன்றியுடன்,
தங்கள் மாப்பிள்ளை

*

பிப்ரவரி 16

பாப்பா,

நாங்கள் சுகமாக இருப்பதாக எழுதும் யோக்கியதை இப்போதைக்கு எனக்கு இல்லை.

உன் ஆறாம் தேதிக் கடிதம் பதினொன்றாம் தேதி வந்தது. பதினான்காம் தேதி நாங்கள் உன் வீட்டில் இருந்தோம். நீயும் அங்கே இருந்தாய். இருந்தும் அன்று நடந்ததை எழுதுகிறேன். எழுதி வைத்தால்தான் ஒன்று நடந்தது என்று நம்புகிற ஆள் நான்.

மாப்பிள்ளை வாசல்வரை வந்து வரவேற்றார். "வாங்க மச்சான். உங்க பதிவேடு மட்டும் இல்லேன்னா நான் இன்னும் ஒண்ணும் தெரியாமத்தான் சுத்திக்கிட்டு இருந்திருப்பேன்" என்றார். தேநீர் அவரே போட்டார்.

உன் அண்ணி, "பாப்பா, உள்ள வா, தலை வாரி விடறேன்" என்றாள்.

"இங்கயே வாருங்கக்கா. ஹால்லதான் வெளிச்சம் நல்லா இருக்கு" என்றார் அவர்.

"கண்ணாடி எங்க பாப்பா?"

நீ வாயைத் திறப்பதற்குள் அவர், "வீட்டுல எதுக்குக்கா கண்ணாடி? படிக்க ஒண்ணும் இல்லையே" என்றார்.

"ரெண்டு நாள் இவளைக் கூட்டிட்டுப் போறோம் மாப்பிள்ளை" என்று நான் சொன்னேன். பஸ்ஸில் வரும்போது நான்கு மணி நேரம் பயிற்சி செய்த வாக்கியம் அது.

"தாராளமா. அவளையே கேளுங்க மச்சான்."

கேட்டேன். நீ அவரைப் பார்த்துவிட்டு, "அடுத்த மாசம் பாக்கலாம்ணா" என்றாய்.

கள்ள எடைக்கல்லைக் கடைக்காரன் கல்லாவுக்கு அடியில் மறைக்கும் வேகத்தை வைத்தே நான் பிடித்துவிடுவேன். இவர் எதையும் மறைக்கவில்லை. மேசைமேலேயே வைத்திருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து தேநீர் குடித்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டார். போதும் என்றேன்.

திரும்பும்போது பாதி வழியில் உன் அண்ணி, "யாருக்கும் காட்டாதீங்கன்னு சொன்னேன்ல" என்றாள்.

"சொன்னே."

"அதை என்னன்னு எழுதினீங்க?"

"அபிப்பிராயம்னு."

அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இனி காரியம். உன் விடுப்பு பத்தொன்பதாம் தேதியோடு முடிகிறது. நீ வேலைக்குத் திரும்பியதும் இது உன் மேசையில் இருக்க வேண்டும் என்று கிளினிக்குக்கு எழுதுகிறேன். வீட்டு முகவரிக்கு இனி ஒரு வரியும் எழுத மாட்டேன்.

புதிய வேலை இடத்தின் பெயரை நீ எழுதவில்லை என்றாலும், உன் ஒன்பது அழைப்புகளுக்கு நடுவே எங்கள் போனுக்குத் தெரியாத எண் ஒன்றிலிருந்தும் அழைப்பு வந்திருந்தது. உன் அண்ணி அதற்குப் பேசினாள். நீ அவசரத்துக்கு எங்கள் எண்ணைக் கொடுத்திருந்தாயாம். அவர்கள்தான். மார்ச் கடைசிவரை உன் இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அறையில் ஜன்னல் உண்டாம்.

அண்ணியின் ஒன்றுவிட்ட அக்கா வக்கீல். அவர் முகவரி தனித்தாளில் இருக்கிறது. எல்லாம் அவரிடம் சொல்லியாகிவிட்டது. மார்ச் மாதம் ஒவ்வொரு செவ்வாயும் காலை பத்து மணிக்கு உன் கிளினிக்குக்கு எதிரே மருந்துக்கடை வாசலில் உன் அண்ணி நிற்பாள். நீ கைப்பையோடு தெருவைக் கடந்தால் போதும். வேறெதுவும் எடுக்க வேண்டாம். நகலும் வேண்டாம்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கும் வாசகத்தை மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன். மூன்றும் அலுவலகக் கடிதம் போல இருந்தன.

அண்ணன்

*

பிப்ரவரி 27

மதிப்பிற்குரிய அண்ணன் மற்றும் அண்ணி அவர்களுக்கு,

நாங்கள் இருவரும் நலமாக உள்ளோம். தங்கள் இருவரின் நலனுக்கும் எங்கள் விருப்பங்கள்.

1. என் உடல்நிலை நன்றாக உள்ளது. ஓய்வு எடுத்து வருகிறேன்.

2. அவருக்கு வேறு கிளைக்கு மாற்றல் கேட்டுக் கிடைத்துள்ளது. விரைவில் வீடு மாறுகிறோம். புதிய முகவரியை அவர் தெரிவிப்பார்.

3. முன்பு நான் எழுதிய கடிதம் ஒன்று மனக்குழப்பத்தில் எழுதியது. அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

4. கருவி இப்போது ஒழுங்காக இருக்கும் என்று நம்புகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை

*

மார்ச் 8

கண் கிளினிக் நிர்வாகி அவர்களுக்கு,

தங்களுக்கும் ஊழியர்களுக்கும் என் வணக்கம்.

தங்கள் கிளினிக்கில் கண் பரிசோதகராகப் பணியாற்றும் என் தங்கைக்குப் பிப்ரவரி 16 தேதியிட்டு ஒரு கடிதம் தங்கள் முகவரிக்கு அனுப்பியிருந்தேன். பதில் இல்லை. மார்ச் 3ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, என் மனைவி கிளினிக்குக்கு எதிரே காலை பத்து மணி முதல் பகல் ஒன்று வரை நின்றார். தங்கை வெளியே வரவில்லை. உள்ளே போய் விசாரித்தால் அவளுக்குச் சங்கடமாகிவிடுமோ என்று திரும்பிவிட்டார். இடையில் அவள் கையெழுத்தில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. வரிசை எண் போட்டு எழுதும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் எனக்கு மட்டுமே உண்டு.

அவள் பணிக்கு வருகிறாளா, என் கடிதம் அவள் கையில் கிடைத்ததா என்ற இரண்டை மட்டும் தெரிவித்தால் போதும். நாளை மறுநாள், 10ஆம் தேதி செவ்வாயன்றும், என் மனைவி வர இருப்பதால் கூடிய விரைவில் தெரிவிக்கவும்.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற எடையளவு ஆய்வாளர்

*

மார்ச் 14

ஐயா,

வணக்கம். தங்கள் மார்ச் 8 கடிதம் நேற்றுக் கிடைத்தது.

தங்கள் தங்கை பிப்ரவரி 7 முதல் பணிக்கு வரவில்லை. அவருடைய விலகல் கடிதத்தை அவர் கணவர் பிப்ரவரி 18 அன்று நேரில் கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பணியிடம் மார்ச் 2 அன்று நிரப்பப்பட்டுவிட்டது.

பணியிலிருந்து விலகியவர்களின் பெயருக்கு வரும் தபால்களைப் பிரிக்காமல் அவர்களின் வீட்டு முகவரிக்கு அனுப்பி வைப்பது எங்கள் வழக்கம். தங்கள் பிப்ரவரி 16 கடிதம், பிப்ரவரி 20 அன்று அவ்வாறே அனுப்பி வைக்கப்பட்டது.

நிர்வாகி